செல்லையாவின் ஒளிச்சொட்டு

மண்டபத்து வாசலில் கால் வைக்க இடமில்லை. மூட்டுவலிக்காரர், தூக்கம் வராதவர், தேர்வில் கோட்டைவிட்டவர், தலை வழுக்கையானவர் என அத்தனை பேருக்கும் ஒரே மருந்து. கொடுப்பவர் செல்லையா. பெற்றோர் வைத்த பெயரல்ல. உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இவர்தான் ஐயாவாம், அதனால் செல்லையா. பட்டம் கொடுத்தது யார்? அவரேதான்.

"உங்க செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒரு குட்டி மின்நிலையம் இருக்கு. அது தூங்குது. அதான் சோர்வு, கவலை, மாமியார் சண்டை! என் சொட்டுல இருக்கிற புரதத்துக்கு நான் விலாசம் எழுதி அனுப்பறேன். நேரா போய்க் கதவைத் தட்டும்!"

கூட்டம் கைதட்டியது. அந்தச் சொல் யார் வாயிலும் நுழையவில்லை. நம்புவதற்கு அது போதாதா?

பிறகு அற்புதம். விளக்குகள் அணையும். மணிக்கட்டில் ஒரு சொட்டு. ஊதா வெளிச்சம் பட்டதும் சொட்டு பச்சையாக மின்னும். கடைகளில் கள்ளநோட்டுப் பிடிப்பார்களே, அதே விளக்கு. நோட்டைக் காட்டிக்கொடுக்கும். பிடித்திருக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்காது.

அந்த 'விலாச'ப் பேச்சு திருட்டுச் சரக்கு. ஒரு கல்லூரி மாணவியும் அவள் தோழிகளும் ஒளிரும் புரதத்தில் விலாசச் சீட்டுப் போல ஒரு துண்டை ஒட்டி, கிண்ணத்தில் வளர்த்த செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி நாள் அது உள்ளே போகாமல் வெளியிலேயே ஊர் சுற்றும். கல்லூரிக் கண்காட்சியில் அவர்கள் மேசையருகே நின்று ஒரு டீ குடித்தார் செல்லையா. டீ முடிந்தது, அவருடைய ஆராய்ச்சியும் முடிந்தது.

மாணவி சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய அக்காவுக்கு மைட்டோகாண்ட்ரியா கோளாறால் வந்த தசைநோய். செல்லையா பேச்சைக் கேட்டு, அக்காவின் கணவர் ஆஸ்பத்திரி மாத்திரைகளை நிறுத்திவிட்டார்.

"மாமா, நாங்களே இன்னும் கிண்ணத்தைத் தாண்டலை. இவர் மட்டும் எப்படித் தோல் வழியா உள்ள போனார்?"

"நீ படிக்கிற பொண்ணு. அவர் கண்டுபிடிச்சவர். உங்க அக்கா கை மின்னுச்சு, என் கண்ணால பார்த்தேன்!"

"மின்னுச்சுதான்," என்றாள் அக்கா, சுவரில் சாய்ந்தபடி. "தலைவாரக் கையைத் தூக்க முடியலையே."



அடுத்த கூட்டத்துக்கு மூவரும் போனார்கள். விளக்கணைந்து அற்புதம் நடந்துகொண்டிருந்தபோது மாணவி எழுந்தாள்.

"ஐயா, உயிருள்ள செல்லு இருந்தாத்தான் மின்னுமா?"

"பின்னே? செல்லு முழிச்சாத்தான் ஒளி!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"மாமா, உங்க பாட்டிலைக் கொடுங்க. எங்க லேப்ல எதையும் முதல்ல செல்லே இல்லாத இடத்துல விட்டுத்தான் பார்ப்போம். இங்கயும் அதையே செய்யலாம்."

மாமா கொடுக்கவில்லை. மூச்சுவாங்க உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். மேடையேறினார். செல்லையாவின் கறுப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் தானே ஒரு சொட்டு விட்டார். கூடவே ஏறிய மாணவி ஊதா விளக்கை அதன் பக்கம் திருப்பினாள்.

நாற்காலி ஜம்மென்று மின்னியது.

"அது நான் உட்கார்ந்த நாற்காலி! என் ஆற்றல் ஏறியிருக்கு!" என்று கத்தினார் செல்லையா.

மாமா தன் செருப்பைக் கழற்றி அதிலும் ஒரு சொட்டு விட்டார். அதுவும் மின்னியது.

"இது நான் போட்ட செருப்புங்க. இதுலயும் உங்க ஆற்றலா?"

மருந்துக்கடையில் வாங்கிய பி2 வைட்டமின் மாத்திரையை மாணவி தண்ணீரில் கரைத்துக் காட்டினாள். அதே பச்சை.

"இவ்வளவுதாங்க சமாசாரம். ஊதா வெளிச்சத்துல எது மேல விட்டாலும் இது மின்னும். உள்ள எதுவும் முழிக்கலை."

விளக்குகள் எரிந்தபோது மேடையில் செல்லையா இல்லை. பின்வாசலில் அவர் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியவர் வழுக்கைக்காரர். போலீஸ் வரும்வரை விடவில்லை.

அக்காவை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் தலைகுனிந்திருந்த மாமா, "ரெண்டு திட்டாவது திட்டிடு," என்றார்.

"தெம்பு வரட்டும். சேர்த்துவெச்சுத் திட்டறேன்."

மண்டபத்தில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பாதிப் பேர் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் வரிசையில் நின்று மின்னிய நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகாசனங்களே, மைட்டோகாண்ட்ரியா மூளையிலும் இருக்கிறது. அது ஓயாமல் ஆற்றல் தயாரிக்கிறது. எதற்கு என்று என்றாவது ஒருநாள் யோசித்துப் பாருங்கள்!