பிச்சம்மாவின் ஓட்டு வீடு

ஒரு காட்டுல ஒரு குளம் இருந்துச்சு. இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது பாதி வத்திடுச்சு, அப்படி ஒரு கோடை. அந்தக் குளத்துல பிச்சம்மான்னு ஒரு ஆமை. சேறு காஞ்சு பாளம் பாளமா வெடிச்ச மாதிரியே அவ முதுகு ஓட்டுலயும் ஒரு விரிசல் ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. தினம் உடம்பு நனையலைன்னா மழை வர்ற வரைக்கும் தாங்க மாட்டா. அது அவளுக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது வாரியம் ஒண்ணு திறந்தாங்க. பேரு ‘வாசலுக்கே வரும் நல வாரியம்’. முன்னெல்லாம் கோடை நிவாரணத் தண்ணி வேணும்னா மலைக்கு அந்தப் பக்கம் சிங்க மகாராசா கச்சேரிக்கு நடக்கணும். பிச்சம்மாவும் ஒரு தடவை கிளம்பினா. அவ போய்ச் சேரும்போது அடைமழை. “கொட்டுற மழையில எதுக்கும்மா கோடை நிவாரணம்?”னு திருப்பி அனுப்பிட்டாங்க.

திறப்பு விழாவுல யானை பேசுச்சு. அதுக்கு மைக்கே தேவையில்லை, மரியாதைக்கு ஒண்ணு வச்சிருந்தாங்க. “இனிமே நீங்க எங்களைத் தேடி வர வேண்டாம்! நாங்க உங்க வாசலுக்கே வருவோம்!” எல்லாரும் கை தட்டினாங்க. பாம்பு வாலைத் தட்டுச்சு.

பிச்சம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. “கேட்டியாடா முத்துக்காளை? நடக்கவே வேண்டாமாம்!”

முத்துக்காளைங்கிறது பக்கத்துச் சேத்துல கிடக்கிற தவளை. உள்ளங்கையில அடங்குற உடம்பு, பேருல மட்டும் காளை. “வாசல் வரைக்கும் வருவோம்னுதான் சொன்னாங்க யக்கா. தண்ணியோட வருவோம்னு சொல்லலை.”

“வாயைக் கழுவுடா.”

“கழுவத்தான் தண்ணி கேக்குறேன்.”

சொன்ன மாதிரியே வாரியம் வந்துச்சு. வந்தவரு கீரி சார். கழுத்துல அடையாள அட்டை, கையில போன், நடையில ஒரு அவசரம்.

“பேரு?”

“பிச்சம்மா, சார்.”

“வீடு எங்க?”

“இந்தா, முதுகு மேல.”

கீரி சார் ஒரு சுத்து சுத்தி வந்தாரு. ஓட்டைத் தட்டிப் பார்த்தாரு. “வீடு வகை, ஓட்டு வீடு,”ன்னு போன்ல அமுக்கினாரு. “சொந்தமா, வாடகையா?”

“பொறக்கும்போதே கூட வந்துச்சு.”

“பூர்வீகம். நல்லது. இனி ஒரே ஒரு வேலைதான். வீட்டை விட்டு வெளிய வந்து வாசல்ல நில்லுங்க. முன்னால நீங்க, பின்னால வீடு, ஒரு போட்டோ. முடிஞ்சுது.”

பிச்சம்மா கழுத்தை நீட்டினா.

“இன்னும் வாங்க.”

நாலு காலையும் நீட்டினா.

“இன்னும்.”

வாலையும் வெளிய விட்டா. “அவ்வளவுதான் சார் நானு.”

“முழுசா வாங்கம்மா. பாதி உடம்பு வீட்டுக்குள்ள இருந்தா ஆப் எடுக்காது.”

“முழுசா வந்தா செத்துருவேனே சார்!”

கீரி சார் முகம் மலர்ந்துச்சு. “அதுக்கும் நம்மகிட்ட திட்டம் இருக்கும்மா. ஈமச்சடங்கு உதவி. உடனே கிடைக்கும். நீங்க நிக்கவே வேண்டாம், படுத்தாப் போதும்.”

முத்துக்காளை சிரிச்சதுல சேறு தெறிச்சுது. பிச்சம்மா சிரிக்கலை. “ஓடு வெடிக்குது சார். ஒரே ஒரு குடமாச்சும் இறக்கிட்டுப் போங்களேன்.”

கீரி சார் குனிஞ்சு விரிசலைப் பார்த்தாரு. நிஜமாவே பாவமாத்தான் இருந்துச்சு அவருக்கு. “எனக்கு மனசு இருக்கும்மா. இந்தப் போனுக்கு இல்லையே.”

“சார், அப்ப எனக்கு?”ன்னு தவளை தாவி வந்தான்.

“வீடு இருக்கா?”

“இல்லை.”

“வாசலுக்கே வரும் வாரியம்யா இது. வீடே இல்லாதவன் வாசலுக்கு நான் எங்க போய் வர்றது?” கீரி சார் கிளம்புறதுக்காகக் காலைத் தூக்கிட்டாரு.

முத்துக்காளைக்கு முழி எப்பவும் பிதுங்கித்தான் இருக்கும். இப்ப இன்னும் கொஞ்சம் பிதுங்குச்சு. ஒரே தாவு, பிச்சம்மா காதோரம் வந்து உக்காந்தான். “யக்கா, தலையை உள்ள இழு. காலையும் இழு. வாயைத் திறக்காத.”

“எதுக்குடா?”

“உனக்குத் தண்ணி வேணுமா, மரியாதை வேணுமா?”

பிச்சம்மா எதையும் சட்டுனு முடிவு பண்றவ இல்லை. அன்னைக்குப் பண்ணினா. தலை, கால், வால் எல்லாம் ஒரே நேரத்துல உள்ள போயிடுச்சு.

“சார்! ஒரு நிமிஷம்! வீடு இருக்கு சார், சொல்ல மறந்துட்டேன்!” அவளுக்கு முன்னால போய் இடுப்புல கை வச்சு நின்னான்.

“ஏய், இது அந்தம்மா இல்லை?”

“எந்தம்மா சார்? எங்க, காட்டுங்க.”

கீரி சார் வாசல்ல குனிஞ்சு பார்த்தாரு. உள்ள இருட்டு. டொக் டொக்னு தட்டினாரு. ‘யாரது?’ன்னு கேக்குற பழக்கம் பிச்சம்மாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. எச்சில் கூட இல்லை, வெறும் வாயிலயே அதை முழுங்கினா.

கீரி சார் போனைத் தூக்கிப் பிடிச்சாரு. முன்னால தவளை, பின்னால வீடு. போன் பச்சையா ஒரு டிக் போட்டுச்சு. அவரு தலையைச் சொறிஞ்சாரு. “எனக்கென்னவோ இடிக்குது. ஆனா இதுவே சரின்னு சொல்லும்போது நான் யாரு?”

அப்புறம் படிச்சாரு. “பயனாளிக்குத் தினம் ஒரு சொம்பு தண்ணி.”

“ஒரு சொம்பா? அவ்வளவுதானா?”

“இருய்யா. ஓட்டு வீடுன்னு வந்திருக்கே. வெயில்ல ஓடு வெடிக்காம இருக்க, வீட்டுக்கு மூணு குடம் தெளிக்கணும். விரிசல் பூசறதுக்குத் தனியா களிமண்.”

வீட்டுக்குள்ள யாரோ விம்முற மாதிரி இருந்துச்சு. “காத்து சார்,”ன்னான் முத்துக்காளை.

மறுநாளே ஒரு கரடி குடத்தோட வந்துச்சு. தண்ணி ஓட்டு மேல விழுந்தப்ப பிச்சம்மாவுக்கு உசிரு திரும்பி வந்துச்சு. வழிஞ்சதை உள்ள இருந்தே நக்கினா. “நல்லா இருப்பா,”ன்னு வாழ்த்த வாயெடுத்தா. “வீடு வாழ்த்தாது யக்கா,”ன்னு பல்லைக் கடிச்சான் தவளை. முதுகுல நம்பர் எழுதினாங்க. வாரியத்தோட பேரை அதைவிடப் பெருசா எழுதினாங்க. ஆளில்லாத நேரமா பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து, காலை நீட்டிக்குவா. அதையும் ஒருநாள் கீரி சார் கண்டுபிடிச்சிட்டாரு.

“போன வாரம் வாசல் தெற்கால இருந்துச்சே?”

“வாஸ்து சார். மாத்திட்டேன்.”

“எனக்கும் தெற்கு வாசல்தான். அதான் பதவி உயர்வே வரமாட்டேங்குது,”ன்னு பெருமூச்சு விட்டுட்டு, கால் வலிக்குதுன்னு வீட்டு மேலயே உக்காந்துட்டாரு. அப்புறம், “இங்க ஒரு ஆமையம்மா இருந்தாங்களே முத்துக்காளை, என்ன ஆனாங்க?”

“தெரியலை சார்.”

கீரி சார் ஓட்டைத் தடவிக் கொடுத்தாரு. “நல்ல அம்மா. அவங்களுக்கு ஏதாச்சும் பண்ணணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன்யா. ராத்திரியில அவங்க முகம்தான் வருது.”

அவரு கண்ணீர் ஒரு சொட்டு ஓட்டு மேல விழுந்துச்சு. பிச்சம்மாவுக்கு மனசு கேக்கலை. தலையை நீட்டி, ‘அழாதீங்க சார், நல்லாத்தான் இருக்கேன்’னு ஒரு வார்த்தை சொல்லிடலாமான்னு இருந்துச்சு.

ஆனா அன்னைக்குக் கரடி இன்னும் வரலை. அடக்கிக்கிட்டா.

நீதி: அரசாங்கத்து முன்னால உசிராப் போய் நிக்காதீங்க, கட்டடமாப் போய் நில்லுங்க. உசிருக்கு அனுதாபம்தான் உண்டு. பராமரிப்பு கட்டடத்துக்குத்தான்.