பதினைந்து வருஷத்து வைரம்

“மாப்பிள்ளையோட மாமா திருச்சியில கல் பட்டை தீட்டுறவருங்களாமா. வெள்ளிக்கிழமை நகை பாக்க அவரும் வர்றாருங்க” என்றாள் முனவர் பேகம்.

காஜா மொய்தீன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

எண்பத்தொன்றில் அவர் மனைவிக்கு ஒரு ஒத்தக்கல் மோதிரம் வாங்கித் தந்தார். நிக்காஹ் சமயத்தில் கொடுத்த வாக்கு அது. பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டருக்கு வைரம் எட்டவில்லை. ஆலையில் செய்த அமெரிக்கன் கல்தான் எட்டியது. கடைக்காரர் ஒளிக்காமல்தான் விற்றார். வீட்டுக்கு வந்து வைரம் என்று சொன்னது காஜா மொய்தீன். பதினைந்து வருஷம் கழித்து, அந்த மோதிரத்தைத்தான் முனவர் மகள் ஜஹானாராவுக்குப் போடப்போகிறாள்.

“பழசு எதுக்கு புள்ள? புதுசா வளையல் ஏதாச்சும் போட்டுக்கலாம்.”

“நீங்க ஆசையா வாங்கித் தந்த வைரமுங்க. அதைத்தான் போடோணும்.”

சாயங்காலத்துக்குள் வீதிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று பெண்கள் வந்து விரலில் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மோதிரத்தைத் தொலைத்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். பாலிஷ் போட்டு வருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போய், கம்பெனியில் வெட்டுத்துணி மூட்டை ஒன்றுக்குள் ஆழமாகத் திணித்தார். எல்லோரும் நம்பவேண்டுமே என்று, கம்பெனிக்குள் எங்கோ விழுந்துவிட்டதாக முதலாளி வரைக்கும் சொல்லிப் புலம்பினார். புலம்பல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அங்கே வேலை செய்த சின்னத்தாய் என்கிற மதுரைப் பக்கத்துக்காரி சோற்றைக்கூடத் தொடாமல் அங்கிருந்த ஏழு மூட்டைகளையும் கொட்டிக் கிளறினாள்.

“இந்தாங்கண்ணே ஒங்க வைரம்” என்று நீட்டினாள். முகமெல்லாம் பஞ்சு.

நன்றி சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதைப் பார்த்து சின்னத்தாய்க்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டு முன்னறையில் ஓவர்லாக் தையல் மிஷின் ஒன்று இருந்தது. எட்டு வருஷம் சேர்த்து வாங்கியது. இன்னும் இரண்டு சேர்ந்தால் சொந்தக் கம்பெனி என்று நினைத்திருந்தார். நிஜ வைரமே வாங்கிவிடுவது என்று அதை விற்றார். பற்றவில்லை. டிவிஎஸ் பிப்டியையும் விற்றுவிட்டு பஸ் ஏறினார்.

கோயம்புத்தூர் கடையில் இரண்டு கல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பழைய கல்லில் ஊதினால் ஆவி படிந்து நின்றது. வைரத்தில் உடனே மறைந்தது. ஆனால் பச்சையும் சிவப்புமாக அதிகம் மின்னியது என்னவோ பழைய கல்தான்.

“ஆலையில செஞ்சதுதாங்க கலர் கலரா அடிக்கும். வைரம் அடக்கமாத்தான் இருக்கும்” என்ற கடைக்காரர், அதே மோதிரத்தில் வைரத்தைப் பதித்துக் கொடுத்தார்.

முனவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாலிஷ் போட்டு மங்கலாக்கிட்டாங்களாட்ட இருக்குதுங்க.”

அவர் அதை வாங்கிப் பெட்டியில் வைத்தார். மிஷின் எங்கே என்று கேட்டதற்கு, சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார். வண்டி? வண்டியும் சர்வீஸுக்குத்தான். மிஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு தடம் பதிந்திருந்தது. அது கண்ணில் படாமலிருக்க, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பல்லடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். திருச்சி மாமா பசீர் அகமதுவின் சட்டைப்பையில் லென்ஸ் இருந்தது. நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், மோதிரம் வந்ததும் பார்க்காமலே பெட்டியை மூடி வைத்தார்.

காஜா மொய்தீனுக்குப் பொறுக்கவில்லை. “லென்ஸ் வெச்சுப் பாருங்க பாய்.”

“பரவாயில்லைங்க.”

“இல்லீங்க, ஒரே ஒருக்கா. நீங்க பாத்தே ஆகோணும்.”

பசீர் அகமது அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மனசப் போட்டு வருத்திக்காதீங்க பாய். அது அமெரிக்கன் கல்லுன்னும், அது தனக்குத் தெரியும்கிறது உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க நொந்துபோவீங்கன்னும் உங்க வீட்டம்மா பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்க அக்காகிட்ட சொல்லிட்டாங்க. அந்த நேர்மைக்காகத்தான் இந்தச் சம்பந்தத்தையே பேசி முடிச்சோம்.”