உண்ணிக்குக் காற்று விட்டவர்

“வீட்டுக்காரிக்குத் தெரியாம ஒரு காரியம் செய்யணும்னா மாப்பிள்ளை, முதல்ல நீங்க...” என்று மாமனார் ஒருமுறை ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் மிக்ஸி ஓடியது. மாமனாரின் உதடுகள் அசைந்தன. கை காற்றில் எதையோ அழுத்தி மூடியது. முகத்தில் அனுபவத்தின் பிரகாசம். மிக்ஸி நின்றபோது அவரும் சொல்லி முடித்திருந்தார். மறுபடி கேட்க மாப்பிள்ளைக்குக் கூச்சம். பிறகு கேட்கலாம் என்று தள்ளிப் போட்டதில் மாமனாரே போய்ச் சேர்ந்துவிட்டார். மிக்ஸியைப் போட்டது யார் என்று மாப்பிள்ளை கடைசிவரை யோசிக்கவில்லை.

அந்த மாப்பிள்ளைக்கு இப்போது ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் லென்ஸ்காரர். தலைமுடியின் பருமனில் பாதி பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பார். வேலையில் அவ்வளவு கறார். வீட்டுக்குள் மட்டும் அவருடைய அளவுகோல் செல்லாது.

காரணம், சின்னவன்.

மனைவி வேலை பார்க்கும் மருந்துக் கடை வாசலில் ஒரு மழை நாளில் யாரோ அட்டைப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டி அவன். பெட்டி சிறியது என்பதால் லென்ஸ்காரர் சம்மதித்தார். பெட்டி அப்படியே இருந்தது. உள்ளே இருந்தவன் கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்தான். மனைவி வேலை முடிந்து வந்ததும் முதல் பேச்சு அவனிடம்தான். “சின்னவனே, சாப்பிட்டியாடா?” என்பாள். இந்த வீட்டில் பெரியவன் ஒருவன் இருக்கிறானே, அவன் சாப்பிட்டானா என்று யாரும் கேட்டதில்லை. இவனைப் பின்கட்டில் கட்டிப் போட்டால்தான் தனக்கு விடிவுகாலம் என்று லென்ஸ்காரர் முடிவு கட்டினார். சொன்னால் நடக்காது. ஒரு காரணம் வேண்டும். மறுத்துப் பேச முடியாத காரணம்.

அந்த வருஷம் காரணம் தானாகவே புல் நுனியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

முதலில் விழுந்தவர் தபால்காரர். புல்வெளி வழியாகக் குறுக்கே நடந்து வந்தவரை ஏதோ கடித்தது. காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி வந்தது, ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் போயிற்று. திரும்பி வந்தவருக்குக் கை நடுங்கியது. வருஷக்கணக்காகத் தபால் போட்ட வீட்டு வாசலில் நின்று, “இது யார் வீடுங்க?” என்று கேட்டார். லென்ஸ்காரர் அதை நேரில் பார்த்தவர். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா ஆட்களோடு வந்தார். குச்சியில் கட்டிய வெள்ளைத் துணியைப் புல் மேல் இழுத்துக்கொண்டே போவது, நின்று குனிந்து பார்ப்பது, இடுக்கியால் எதையோ பொறுக்கிக் குப்பியில் போடுவது. கண்ணாடிக் கடை வாசலில் கூடியவர்களிடம் அவர் பொறுமையாகச் சொன்னார். உண்ணிக்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மூச்சுக் காற்றை அந்தக் காலாலேயே மோப்பம் பிடிக்கும். பக்கத்தில் எது உரசினாலும் தொற்றிக்கொள்ளும். குஞ்சாக இருக்கும்போது எலி மேல் உட்கார்ந்து முதல் சாப்பாடு, அங்கேதான் நோயை வாங்கும். அடுத்த சாப்பாடு வேறொரு உடம்பில், அங்கே கொடுக்கும். போன வருஷம் காட்டு மரங்கள் விதையாகக் கொட்டின, விதை தின்று எலி பெருகியது, எலியைத் தின்கிற நரியும் ஆந்தையும் எப்போதோ போய்விட்டன, அதனால் இந்த வருஷம் உண்ணி.

“சாப்பாடு கிடைக்கலைன்னா செத்துடும்ல?” என்றார் லென்ஸ்காரர்.

“ஒரு வருஷம்கூடப் பட்டினி கிடக்கும் சார்” என்றார் அதிகாரியம்மா.

கேட்டவர்கள் குனிந்து காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். லென்ஸ்காரரும் தட்டிவிட்டுக்கொண்டார். ஆனால் குனிந்த இடத்திலேயே அவருக்கு ஒரு யோசனை பளிச்சென்று தெரிந்தது. நாலு உண்ணியைப் பிடித்து வந்து, மனைவி சின்னவனுக்கு ரோமம் சீவும்போது சீப்பில் சிக்கியது மாதிரி காட்டிவிட்டால்?

மறுநாள் விடியலில் மழைக்கோட்டு, கையுறை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை சகிதம் புல்வெளிக்குப் போனார். பீரோவில் மடித்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைத் துடைப்பக் கட்டையில் கட்டி இழுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டே இழுத்ததால் அடிக்கடி தலை சுற்றியது. விரிப்பில் கசகசா சிந்தியது போல ஏழு புள்ளிகள் நகர்ந்தன. இடுக்கியால் எடுத்து, மனைவி கொண்டுவந்த பழைய மாத்திரைக் குப்பியில் போட்டார். கடையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. எட்டுக் கால், கண் கிடையாது, முன்னங்கால் இரண்டும் அவரை நோக்கி நீண்டிருந்தன. அவர் மூச்சு விட்டார். ஏழும் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பின.

அப்போதுதான் அவருடைய நல்ல மனசு குறுக்கே வந்தது. பாவம், மூச்சு முட்டிச் செத்துவிட்டால் சீப்பில் காட்ட உயிருள்ள சாட்சி வேண்டாமா? கண்ணாடித் திருகாணி முடுக்கும் ஊசியால் குப்பி மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புத்தக அலமாரியில், பழைய கண்ணாடிச் சட்டங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

ரோமம் சீவும் நாள் வந்தது. குப்பியை எடுத்தார். காலி.

குலுக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மூடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். தலைமுடியில் பாதியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் போட்ட ஓட்டை அது. அதன் வழியாக உண்ணி மட்டுமல்ல, அதன் சம்பந்திவீட்டார் அனைவரும் சாமான் செட்டுகளோடு போயிருக்கலாம்.

ஏழு. இந்த வீட்டுக்குள். ஒரு வருஷம் பட்டினி கிடக்கும்.

அன்றிலிருந்து லென்ஸ்காரர் நாற்காலியில் சம்மணம் போட்டே உட்கார்ந்தார். சுவரில் சாயவில்லை. திரைச்சீலைப் பக்கம் போகவில்லை. முழங்கால் பின்னால் அரித்தது, பார்த்தால் ஒன்றுமில்லை. பார்த்து முடித்ததும் கழுத்தில் அரித்தது. சமையலறையில் மனைவி கடுகைச் சிந்தியபோது அவர் கதவு வரை ஒரே தாவலில் போய்விட்டார். தபால்காரர் வாசலில் வந்து நின்று, கடிதத்தையும் கதவு எண்ணையும் மாறி மாறிப் பார்த்து நடுங்கினார். அந்தக் கையை லென்ஸ்காரர் ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கை நடுங்கினால் அவனுக்கு வேறென்ன பிழைப்பு?

“ஏங்க, காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறீங்களே, தரை சுடுதா?”

“ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம்.”

“காலுறைக்குள்ள கால்சட்டையைச் செருகியிருக்கீங்களே, அதுவும் ரத்த ஓட்டத்துக்கா?”

“குளிருதும்மா.”

“வேர்க்குதே.”

அவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். தோள்பட்டைக்குக் கீழே ஏதோ கறுப்பாக இருக்கிறதா பார் என்றார். மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள். “மச்சம். கல்யாணத்தப்பவே இருந்துச்சு” என்று சட்டையை இறக்கிவிட்டாள்.

தனக்குத்தான் என்றால் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் அவள் வெறுங்காலோடு கட்டிலடியில் பெருக்குவதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. துவைத்த துணிகளை அவள் மடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் எதிரே போய் நின்றார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.”

“கோவப்படுற விஷயமா?”

“ஆராய்ச்சி விஷயம். புல்வெளியில கொஞ்சம் உண்ணி பிடிச்சு வச்சிருந்தேன். குப்பியிலேருந்து தப்பிச்சிடுச்சு.”

“எத்தனை?”

“ஏழு.”

அவள் வெள்ளை விரிப்பை எடுத்து மூலைக்கு மூலை சேர்த்தாள். “இதுல புல்லு விதை ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அதுவும் ஆராய்ச்சியா? எதுக்குங்க திடீர்னு?”

“பொதுநலம்” என்றார். வேறு சொல் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை.

அவள் கத்தவில்லை. அதுதான் அவரை மேலும் பயமுறுத்தியது. விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டு படிப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

“மூச்சு விடுறது எங்க இருக்கோ அங்கதான் அது வரும். இந்த வீட்டுல மூச்சு விடுறது மூணு பேரு. நான் பகல் முழுக்கக் கடையில இருப்பேன். மீதி ரெண்டு பேரு.”

“நானும் அவனுமா?”

“அவனுக்குக் கழுத்துல மருந்துப் பட்டை இருக்கு. அவன் மேல ஏறிக் கடிச்சா உண்ணி செத்துடும். உங்களுக்கு அது இல்ல.”

“எனக்கும் அந்தப் பட்டை ஒண்ணு...”

“உங்க கழுத்துக்கு வராதுங்க. கேட்டுப் பார்த்தேன்.”

எப்போது கேட்டாள், யாரிடம் கேட்டாள் என்றெல்லாம் பயந்தவனுக்குத் தோன்றாது. சின்னவன் தன் பக்கத்திலேயே இருந்தால் உண்ணி முதலில் அவன் மேல் ஏறுமல்லவா என்று லென்ஸ்காரர் கேட்டார். ஏற வாய்ப்பிருக்கிறது என்றாள். அப்படியானால் அவன் கட்டிலில் படுத்தால் என்ன என்று கேட்டார். அவள் இன்னொரு துணியை எடுத்து மடித்தாள். கட்டிலில் நாய் படுப்பது உங்களுக்குப் பிடிக்காதே, வேண்டாம் என்றாள். அவர் கெஞ்சினார். பின்கட்டில் கட்டுவது நல்லது என்று நீங்கள்தானே சொல்வீர்கள் என்றாள். அதெல்லாம் புத்தி கெட்டுப் போய்ச் சொன்னது என்றார்.

“சரி, உங்க இஷ்டம். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

சின்னவன் நடுவில் படுத்தான். முதலில் சுருண்டு படுத்தான், பிறகு நீளமாகப் படுத்தான், அதன் பிறகு குறுக்காகப் படுத்தான். லென்ஸ்காரர் கட்டில் ஓரத்தில், ஒரு கால் தரையிலும் ஒரு கை நாயின் முதுகிலுமாகக் கிடந்தார். இருட்டில் அந்த முதுகு ஏறி இறங்குவதை உள்ளங்கையில் உணர்ந்துகொண்டே இருந்தார். அவருக்கும் நடுங்கும் கைக்கும் நடுவே இருந்தது அந்த ரோமச் சுவர் ஒன்றுதான். அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் இவரும் பின்னாலேயே போனார். மனைவி கேட்க மறந்த நாளில், “சின்னவனே, சாப்பிட்டியாடா?” என்று அவரே கேட்டார்.

இப்படி நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அதிகாரியம்மா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறிய குப்பி. தெளிந்த திரவத்தின் அடியில் கசகசா போல ஏழு புள்ளிகள், அசையாமல்.

“மேடம், உங்க சாம்பிளைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார் மனைவியிடம். பிறகு லென்ஸ்காரரிடம் திரும்பினார். “நீங்க பிடிச்சதாமே சார். நல்லா பிடிச்சிருக்கீங்க. நீங்க பிடிச்ச அன்னைக்கே மேடம் ஸ்பிரிட்ல போட்டு ஆபீஸுக்குக் கொண்டு வந்துட்டாங்க. நோய்க்கிருமி எதுவும் இல்ல, பயப்படாதீங்க. அதோட இது நாய் மேல வீட்டுக்குள்ள வளர்ற ஜாதி இல்லை. எலி ஜாதி. ஈரம் இல்லைன்னா தாங்காது. வீட்டுக்குள்ள விட்டாலும் கொஞ்ச நாள்ல காய்ஞ்சே செத்துடும்.”

“பிடிச்ச அன்னைக்கேவா?” என்றார் லென்ஸ்காரர்.

“மூடியில அவ்வளவு பெரிய ஓட்டை. யாராவது அலமாரியில விடுவாங்களா?” என்றாள் மனைவி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “பொதுநலத்துக்குத்தானே பிடிச்சீங்க. அதான் பொதுநலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.”

அவருக்கு ஆயிரம் கேள்விகள் நாக்கு நுனிவரை வந்தன. அதில் எதைக் கேட்டாலும், உண்ணியை எதற்குப் பிடித்தார் என்ற கேள்வி பின்னாலேயே வரும். மனைவி அதற்காகவே காத்திருப்பது போல அவரைப் பார்த்தாள். லென்ஸ்காரர் அதிகாரியம்மாவுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அதிகாரியம்மா போன பிறகு மனைவி குப்பியை அலமாரியில், கண்ணாடிச் சட்டங்களுக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். பிறகு கேட்டாள்: “இனிமே பயமில்ல. சின்னவனை இறக்கி விட்டுடலாங்களா?”

லென்ஸ்காரர் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். சின்னவன் குறுக்காகப் படுத்து, அவர் தலையணையில் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தான். கழுத்தில் மீண்டும் எங்கோ அரித்தது.

மறுநாள் தச்சரிடம் போய், கட்டிலை ஒரு அடி அகலமாக்கித் தரச் சொல்வதென்று அவர் முடிவு செய்தார்.