இடதுகால் அண்ணை

ஓகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வழக்கம்போல விடிய எழும்பினேன். பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன், வெள்ளைக் காற்சட்டையைத் தேய்த்தேன், என் சிறிய ட்ரம்மின் தோலைத் தட்டிப் பார்த்து இறுக்கினேன். பின்னேரம் தோளில் தூக்கிவரும் மாதா சிலைக்கு, அந்தச் சுருவத்துக்கு முன்னால் எங்கள் கோயில் பாண்ட் போகவேண்டும். இந்த முறை பெரிய ட்ரம்மை இடதுகால் அண்ணை அடிப்பாரா என்பதுதான் எங்கும் கதை.

திருகோணமலையில் வலதுகாலில் நம்பிக்கையே இல்லாத ஒரே கிறிஸ்தவர் அவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, பென்சனோடு இளைப்பாறியவர். அணிநடையில் முதல் அடி இடதுகால். பெரிய ட்ரம்மில் அடி விழுவதும் இடதுகாலுக்கு. அந்த ஒன்றை வைத்தே வேதம் முழுவதையும் விளங்கப்படுத்திவிடுவார்.

"ஆண்டவர் கூப்பிட்டா எந்தக் காலை வைப்பாய்?"

"இடதுகால், அண்ணை."

"ஏன்?"

"ட்ரம் சொல்லுது, அண்ணை."

"அதுதான் விசுவாசம். நிண்டு யோசிச்சியெண்டா வலதுகால் வந்திடும்."

ட்ரம்பெட் ஊதுபவர் அவருடைய மனைவியின் தம்பி. அவருக்குத் தனிப் பிரசங்கம். "பாட்டில நீ ஊதாத இடமும் உன்ர இடம்தான். வாயை மூடிக்கொண்டு எண்ணு. செபமும் அப்பிடித்தான்."

"அப்ப உங்கட பிரசங்கத்திலயும் ஊதாத இடம் கொஞ்சம் விடுங்கோ, அத்தான்."

பக்கத்துப் பாலையூற்றில் ஒருமுறை எங்கள் பாண்ட் வாசிக்கப் போன ஒரு கலியாணம். மணப்பெண் வாசற்படியில் நிற்கிறாள். "வலதுகாலை எடுத்து வை, பிள்ளை" என்கிறார் மாமியார். பின்னால் நின்ற அண்ணை "இடது!" என்று கத்தி ட்ரம்மில் ஒன்று போட்டார். பெண் பயந்து இரண்டு காலாலும் உள்ளே பாய்ந்தாள். "பாதகமில்லை, இடதும் வந்ததுதானே" என்று அண்ணை சமாதானம் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கமே காட்டமாட்டார். நடை தப்பினவன் வெளியே நிற்கவேண்டும். "ஒருத்தனுக்காக அணி நடை மாத்தாது." என்னையும் நிறுத்தியிருக்கிறார். வழியில் தடை என்றால் வேறு சட்டம். நின்ற இடத்திலேயே, தாளம் விடாமல் இடதும் வலதுமாக மிதித்துக் கால் மாற்றவேண்டும். "முன்னுக்குப் போகேல்ல எண்டு நடையை விட்டிடாதே. வழி திறக்கும்."

இந்த வருடம் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய இடதுகாலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. வாகனத்தில் அமர்ந்து அடிக்கச் சொன்னார் எங்கள் கோயில் பாதர்.

"இருந்துகொண்டு அணிநடை போக ஏலாது, பாதர்."

பின்னேரம் முழுச் சீருடையில் வந்து நின்றார். புறப்பட்டோம். அவருடைய இடதுகால் பிந்தி வந்தது. காலுக்காக ட்ரம் பொறுத்தது. ட்ரம்முக்காக நாங்கள் பொறுத்தோம், அப்படித்தானே பழக்கியிருந்தார். துறைமுக வீதியைத் தொடும்போது பாண்ட் முழுவதும் நொண்டியது. பின்னால் சுருவம் தூக்கியவர்களும் நொண்ட, மாதா ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தார். எங்கள் ஊரில் மாடுகள்போல வீதியோரம் திரியும் மான்கள் மேய்வதை விட்டுப் பார்த்தன.

"மாதா ஆடுறா!" என்று ஒரு பெண் முழந்தாளிட்டாள்.

அண்ணை திரும்பிப் பார்த்தார். எல்லோருடைய காலையும் பார்த்தார். ட்ரம் பட்டியைக் கழற்றிக்கொண்டு வீதியோரம் ஒதுங்கினார்.

"நான் நடை தப்பிட்டன். நீங்கள் போங்கோ."

ஒருவரும் அசையவில்லை. மைத்துனர் ட்ரம்பெட்டை இறக்கினார். "நிண்ட இடத்தில கால் மாத்து!"

மாற்றினோம். பாதர் ஓடி வந்தார். "ஏன் நிக்கிறீங்கள்?"

"வழி திறக்கேல்ல, பாதர்."

முன்னால் வீதி வெறுமையாகக் கிடந்தது.

"டேய், சட்டம் தெரியாதே? ஒருத்தனுக்காக அணி..." என்று அண்ணை கத்தினார்.

"நடையை விடாதே எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அத்தான். கால் உளையுது, கெதியா வாங்கோ."

அண்ணை எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய ட்ரம் இல்லாமலே இடதுகால்கள் எல்லாம் ஒன்றாக விழுந்தன. முகத்தைத் துடைத்தார், பட்டியை மாட்டினார், தம் இடத்துக்கு வந்தார். கோயில் வாசல்வரை எல்லோரும் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். ஒருவரும் நடை தப்பவில்லை.

அவரிடம் சொல்லிச் சீண்டுவதற்கென்றே வருடக்கணக்காக வலதுகாலை ஊன்றிப் படுக்கையை விட்டு எழும்புகிறவன் நான். மறுநாள் காலை முதல் வேலையாக இடதுகாலை இறக்கினேன். அவர் வைப்பதுபோலவே, மெதுவாக.