கதிரைக் காலில் வந்த இரத்தம்

கரம்பொன்னில் முந்திரிகைக்கு, அதுதான் திராட்சைக் கொடிகளுக்கு, இரத்தம் வருகிறது என்ற செய்தி, ஊர்காவற்றுறை பஸ்ஸை விட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அனலைதீவிலிருந்து படகேறி வந்தார்கள். வேலணையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தார்கள். கனடாவில் இருந்தவர்கள் வீடியோவில் வந்து கும்பிட்டார்கள். கொடிக்கு என்ன நோய் என்று சொல்லித்தர விவசாயப் போதனாசிரியர் கூட்டம் வைத்தபோது ஏழு பேர் வந்திருந்த அதே ஊர்தான் இது. அந்த ஏழில் இரண்டு பேர் தேநீருக்கு வந்தவர்கள்.

இரத்தம் வரவழைத்தவர் பெயர் கோபிசங்கர். பட்டணத்தில் கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தவர் என்பது பின்னால் தெரிந்தது. எங்களிடம் வந்தபோது அவர் கொடிச்சாமி. கையில் ஒரு பித்தளைச் செம்பு, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். போகிற வளவெல்லாம் அவர் அமர வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டுக் கொடுத்தால்தான் அருள் இறங்கும்.

அதற்கு முந்திய போகம் எங்கள் பந்தல்கள் படுத்துவிட்டன. குலைகளில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ அடைந்தது. பழம் பிசுபிசுத்துக் கறுத்தது. வைன் வடிக்கிறவர்கள் லொறியோடு வந்து, பார்த்து, வெறும் லொறியோடு திரும்பினார்கள். கடும் நஞ்சு அடித்த பழத்தையும் அவர்கள் எடுக்கமாட்டார்கள். இன்னொரு போகமும் தவறினால் பந்தலைப் பிரித்து விறகாக்க வேண்டியதுதான்.

அது பூச்சி இல்லை என்றார் கொடிச்சாமி. உடல் கிடைக்காமல், கிரியை நடக்காமல் போனவர்களின் ஆவிகள் வேரில் வாய் வைத்துச் சாறு குடிக்கின்றனவாம். எங்கள் தீவுகளில் அப்படி ஒருவர் இல்லாத வீடு எது? மனிதர் இடம் பார்த்துத்தான் கடை விரித்திருந்தார்.

சாட்சியும் வைத்திருந்தார். செம்பிலிருந்த மஞ்சள் தீர்த்தத்தை அடித்தண்டில் தெளிப்பார். கண் மூடித் திறப்பதற்குள் தண்டு சிவந்து வழியும். பெண்கள் குழறி அழுவார்கள். பரிகாரம் சுலபம்: செத்தவர் ஒருகாலத்தில் போட்டிருந்த பொன்னைச் சிவப்புத் துணியில் முடிந்து கொடுக்க வேண்டும். சாமி தனியே போய் ஆழக்கடலில் போடுவார். அதன்பின் நாற்பத்தொரு நாள் கொடியில் கையும் படக்கூடாது, கத்தியும் படக்கூடாது. பூச்சிகளுக்காக வழக்காட அப்படியொரு அப்புக்காத்து அதற்கு முன் கிடைத்ததில்லை.

ஊரில் ஒரே ஒரு பந்தல் மட்டும் சிவக்கவில்லை. அது பாலசிங்கத்தாருடையது. கொடி வெட்டின கையோடு நாங்கள் எல்லோரும் துருசும் சுண்ணாம்பும் குழைத்துத் தண்டுக்குப் பூசுவோம், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. அவர் அந்த வேலைக்கெல்லாம் கட்டிலை விட்டு இறங்குகிறவர் இல்லை. சாமி அவரைச் சுத்த ஆத்மா என்றார். மறுநாளே பாலசிங்கத்தார் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கத் தொடங்கினார்.

எல்லாரிலும் அதிகமாகச் சிவந்தது என் பந்தல். "உம்மடை மனுசனுக்கு எவ்வளவு தாகமெண்டு பாரும்," என்றாள் சத்தியபாமா. தன் தகப்பனின் சங்கிலியை ஏற்கெனவே கடலுக்குக் கொடுத்திருந்தவள்.

என் கணவர் அரியநாயகம் அனலைதீவுக்கென்று போய்ப் பத்தொன்பது வருடம். அன்று விடிய அந்தச் சுண்ணாம்புச் சாந்தைக் குழைக்கும்போது மோதிரத்தைக் கழற்றிக் குசினி யன்னலில் வைத்தார். திரும்ப மாட்ட வரவில்லை. நான் வாசிக்கிற பழக்கம் உள்ளவள்தான். ஆனாலும் மோதிரத்தைச் சிவப்புத் துணியில் முடிந்து வைத்துவிட்டேன்.

கொடுக்க இருந்த நாளுக்கு முதல் நாள், பக்கத்து வளவு மேரிஜோசப்பின், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஈரச் சீலையோடு வேலிக்கு வந்தார். சாமி தெளித்ததில் சீலையில் மஞ்சள் பட்டிருந்தது. தோய்த்திருக்கிறார். கறை பளிச்சென்று சிவந்திருந்தது.

"இஞ்சை பாரும். என்ரை சவர்க்காரத்திலையும் ஆவி இருக்கு."

மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். கறி சமைத்துச் சீலை தோய்க்கிற எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? சுண்ணாம்பு பட்டாலும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும். சாமியைக் கண்டதும் எல்லாருக்கும் மறந்துபோயிற்று.

"பாலசிங்கத்தார் சுண்ணாம்பு பூசினவரோ?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா மேல்தான். அந்த இரத்தம் பொய்யென்றால், இவ்வளவு காலத்துக்குப் பிறகு என் பந்தலுக்கு வந்த மனிதரும் பொய்.

"ஒருக்கால் சோதிப்பம். பிறகும் குடுக்க வேணுமெண்டால் குடும், நான் மறிக்கேல்லை," என்றார்.

என் கணவரின் ஆவி என்று சாமி காட்டிய தண்டை, பூசியிருந்த சுண்ணாம்பு கரைந்து போகப் புளித்துப்போன வைன் ஊற்றித் தேய்த்துக் கழுவினோம். பழம்பட்டை உரிந்து வந்தது. அதன் கீழே வெள்ளை வெள்ளையாக மாப்பூச்சி, அப்பிக்கொண்டு கிடந்தது. அதைக் காவல் காத்துக்கொண்டு எறும்பு. சாறு குடித்தவர்களைக் கண்ணால் கண்டேன். அவர்களில் என் உறவு யாரும் இல்லை. பிறகு அக்கா என் கதிரைகளில் ஒன்றை எடுத்து, அதன் கால்களுக்கு மெல்லியதாகச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தார். வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை.

விடிந்ததும் என் வளவில் சனம் நிறைந்தது. சாமி அந்தக் கதிரையில் அமர்ந்து செம்பை எடுத்துத் தண்டில் தெளித்தார். மஞ்சள் மஞ்சளாகவே வழிந்தது. இன்னொரு முறை தெளித்தார். அப்போதும் மஞ்சள்தான்.

"ஆவி இடம் மாறியிட்டுது," என்றார்.

"எங்கை போச்சுது, சாமி?"

"தூரம் போகேல்லை. கிட்டத்தான் நிக்குது."

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு," என்ற அக்கா, செம்பை அவர் கையிலிருந்து வாங்கிக் கதிரைக் காலில் ஊற்றினார். நான்கு காலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. சாமி துள்ளி எழுந்து ஈரடி. தன் ஆவிகளுக்குத் தானே பயந்த முதல் மந்திரவாதி அவராகத்தான் இருக்கவேண்டும்.

அக்கா சவர்க்காரக் கட்டியை எடுத்து, மீதியை அதன் மேல் ஊற்றிச் சுற்றிக் காட்டினார். பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். சாமி மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்த வேகத்தில் அருள் எதுவும் தெரியவில்லை. சத்தியபாமா அதற்கு முன் அங்கே போய்ச் சேர்ந்து, சாவியை உருவி இருக்கையைத் திறந்துவிட்டாள். இருக்கைக்குக் கீழே, ஆழக்கடலில் இருக்கவேண்டிய சிவப்பு முடிச்சுகள் பதினொன்று இருந்தன. ஒன்றிலும் ஈரமில்லை.

"என்ரை ஐயாவின்ரை சங்கிலி," என்றாள். பொலிஸ் வரும்வரை மோட்டார் சைக்கிளின் சாவியை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்கப் பட்டை உரித்து எரித்தோம். எறும்பு ஏறாமல் தண்டுக்குப் பசை தடவினோம். பந்தலில் வெளிச்சம் விழ வழி வெட்டினோம். போதனாசிரியர் ஏழு பேருக்குச் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். அடுத்த போகம் லொறி நிறைந்து போனது. மோதிரம் குசினி யன்னலில் இருக்கிறது. அவர் வைத்த இடத்தில்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. சாமியைப் பொலிஸ் கொண்டுபோன நான்காம் நாள் விடிய முற்றத்துக்கு வந்தால், அந்தப் பிளாஸ்டிக் கதிரையின் காலடியில் யாரோ செவ்வரத்தம்பூ வைத்துக் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். கதிரையே இரத்தம் விட்டதென்றால் சாமி எவ்வளவு சக்தியுள்ளவர் என்று பாலசிங்கத்தார் சொல்லித் திரிகிறாராம்.

கதிரையைக் கழுவி வைத்துவிட்டேன். சவர்க்காரம் இன்னும் பாதிக் கட்டி மிச்சம் இருக்கிறது. தலைக்குள்ளே போட்டுக் கழுவ விருப்பம் உள்ளவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகலாம்.