தமிழிலிருந்து தமிழுக்கு

கேரள எல்லையோரத்தில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை யாரிடமும் தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும், அதுவும் பாதியில் மாறும். ஆனாலும் பண்டிகைக்குத் தமிழ்ப் பிரசங்கியார் ஒருவர் வந்துவிட்டால், பக்கத்தில் மலையாளத்தில் சொல்ல ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது தேவையில்லை. வந்தவருக்கு மரியாதை, அவ்வளவுதான். (பப்படம் இல்லாமல் விருந்து போட்டால் வயிறு நிறையாதா என்ன? நிறையும். ஆனால் ஊர் பேசும்.)

அப்படி ஒரு பப்படமாக நிற்கப் போய்த்தான் என் மானம் நொறுங்கியது.

கல்யாணமாகி குழித்துறைப் பக்கத்திலிருந்து இங்கே வந்த முதல் வருஷம் அது. என் மாமியார் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அறுப்பின் பண்டிகைக்கு வழக்கமாக மொழிபெயர்ப்பவர் குளோரி டீச்சர், ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியை. அந்த வருஷம் சங்கக் கூட்டத்தில் மாமி எழுந்து, "எனக்க மருமவளுக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடாக்கும். இந்தத் தடவ அவ நிக்கட்டு" என்று சொல்லிவிட்டார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொதப்பினால் ஊர் சிரிக்கப்போவது என்னை அல்ல, மாமியை. வந்து மூன்று மாதம்கூட ஆகாத மருமகளை நம்பி அந்த அம்மாள் தன் தலையையே அடகு வைத்திருந்தார்.

பண்டிகை அன்று சபைக் கோயிலுக்குள் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கால் கட்டிய இரண்டு கோழிகள் எல்லாம் காணிக்கையாக வந்து குவிந்திருந்தன. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த பிரசங்கியார் தமிழில் தொடங்கினார். நான் மலையாளத்தில் சொன்னேன். அருவி மாதிரி வந்தது. முன்வரிசையில் மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு குளோரி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் மிதப்பு ஏறியது. (நமக்கு அதுதானே கேடு.)

அப்போது பிரசங்கியாருக்கு எங்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. கேரளத்துக்கு வந்திருக்கிறோமே என்று ஒரு வாக்கியத்தை அவரே மலையாளத்தில் சொன்னார். நான் அதைப் பளிச்சென்று தமிழில் சொன்னேன். அதுவரை தப்பில்லை. அடுத்த வாக்கியத்தில் அவர் தமிழுக்குத் திரும்பிவிட்டார். நான் மலையாளத்துக்குத் திரும்பவில்லை.

"ஒரு மனுஷன் வாழைக்கன்னு நட்டான்" என்றார் அவர்.

"ஒரு மனிதர் வாழைக்கன்று நட்டார்" என்றேன் நான்.

"மழை பெய்யல."

"மழையானது பெய்யவில்லை."

"அவன் சோந்து போனான்."

"அவர் மிகுந்த சோர்வடைந்தார்."

அவருடைய ஏழை விவசாயி என் வாயில் ஏறி ஏறி மாவட்ட ஆட்சியர் அளவுக்கு உயர்ந்துகொண்டிருந்தார். சபை முழுவதும் தலை குனிந்திருந்தது. பக்தி என்று நினைத்தேன். பாடகர் குழுவினர் பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மூடியிருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து இன்னும் உருக்கமாகச் சொன்னேன். புரியாதவர் ஒருவராவது இருந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பார். எல்லோருக்கும்தான் எல்லாமும் புரிந்து தொலைக்கிறதே.

மாமி முன்வரிசையிலிருந்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மைக்கைத் திருப்பச் சொல்கிறார் போலும் என்று மைக்கைத் திருப்பினேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் பிரசங்கியாரே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் சொன்னதையே இந்த அம்மா திருப்பிச் சொல்லுதாங்க. ஆனா அவங்க சொல்லுததுதான் நல்லாருக்கு."

நான் மைக்கில், கணீரென்று: "நான் சொன்னதையே இந்த அம்மையார் திரும்பவும் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதே சிறப்பாக இருக்கிறது."

அதன்பிறகு கோயிலில் நடந்ததைச் சிரிப்பு என்று சொன்னால் போதாது. கோழிகள்கூட கத்தின. எனக்கு விஷயம் உறைத்தபோது இரண்டு பாஷையும் சேர்ந்து போய்விட்டன. மீதியைப் பிரசங்கியார் தனியாகவே பேசி முடித்தார்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் குலைகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மாமியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். குளோரி டீச்சர் நாலு பெண்களோடு நேராக வந்தார்.

"மருமவ நல்லா மொழிபெயர்த்தா, என்ன? தமிழ்லேந்து தமிழுக்கு."

மாமி அசையவில்லை. "நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்" என்றார்.

டீச்சர் கூட வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை நீட்டி மாமியின் முகத்தைப் பார்த்தேன்.

"நம்ம ஆளுவளுக்கு ஒருக்கா சொன்னா மண்டையில ஏறாது டீச்சரே. ரெண்டு தடவ சொல்லணும். நீங்க மொழிபெயர்த்த பிரசங்கத்துல ஒண்ணாவது யாருக்காவது ஞாபகம் உண்டா? இன்னைக்கு அந்த வாழைக்கன்னு கதைய கொச்சுப் பிள்ளைவ கூட சொல்லிட்டு போவுது."

கோயில் முற்றத்தில், பண்டிகை நாளில், சங்கத் தலைவி எனக்காகக் கூசாமல் ஒரு பொய் சொன்னார். அந்த நிமிஷத்தில்தான் நான் அந்த வீட்டுப் பெண் ஆனேன்.

ஆட்டோவில் ஏறியதும் மாமி என் பக்கம் திரும்பினார். "அதுக்குப் பெறவு ஒத்த மலையாள வார்த்த கூடவா மக்களே உனக்கு வரல்ல?" அவ்வளவுதான், வீடு வரும்வரை இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆட்டோக்காரர் இரண்டு தடவை வழி தப்பினார்.

இன்றும் எங்கள் வீட்டில் மாமி அடுக்களையிலிருந்து "சோறு உண்ண வாருங்க" என்று கூப்பிட்டால், என் கணவர் எழுந்து நின்று, இல்லாத மைக்கைப் பிடித்து, "அனைவரும் உணவருந்த வருமாறு அழைக்கப்படுகிறீர்கள்" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமி மட்டும் சிரிக்க மாட்டார். கரண்டியோடு வெளியே வந்து மகனை முறைப்பார்.

"எலே, அவள ஒண்ணும் சொல்லாத. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்."