மிச்சம் பிடித்த மூச்சு

உலக நாகரிகத்துக்கு இங்கிலாந்து அளித்த ஆகப் பெரிய கொடை எது என்று கேட்டால் பலரும் ரயில் என்பார்கள், நாடாளுமன்றம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். எங்கள் ஹாதர்பி கிளினிக்கின் மருந்துச் செலவு வரைபடம்தான் அது. அதன் நிர்வாகி என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்துடன் சொல்கிறேன்.

மாவட்டத்திலேயே ஆஸ்துமா மருந்துக்கு அதிகம் செலவழிப்பது நாங்கள்தான் என்று சென்ற வசந்தத்தில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. டாக்டர் ஹில்லரி ஆக்ராய்ட் அவசரக் கூட்டம் போட்டார். தேநீர், பிஸ்கட், ஆழ்ந்த கவலை எல்லாம் பரிமாறப்பட்டன.

"விலை கம்மியா ஒரு இன்ஹேலர் இருக்கே, எல்லாரையும் அதுக்கு மாத்திடலாமே?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான் டாக்டர். பழசுல மூச்சை இழுத்தாலே மருந்து வரும். புதுசை விரலால அமுக்கணும்."

"அமுக்க முடியாதவங்க?"

"படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லையே!"

டாக்டர் நிம்மதியாக இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

மாற்றிய ஒரு மாதத்தில் நானே தொலைபேசி வழியாக 'ஆய்வு' நடத்தினேன். முதலில் மேவிஸ் சோவர்பி. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எழுபத்தாறு வயது. விரல்கள் மூட்டுவாதத்தில் முறுக்கிக்கொண்டிருந்தன.

"புது இன்ஹேலர் எப்படி இருக்கு மேவிஸம்மா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் வெறும் இழுப்புச் சத்தம்.

"குறை சொல்றதுக்கு... ஒண்ணும் இல்ல கண்ணு."

எங்கள் ஊரில் கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அதே ஊர்க்காரன்தான். இருந்தாலும் 'முழுத் திருப்தி' என்று பதிந்தேன்.

கோடையில் அவரை ஆம்புலன்ஸ் மூன்று முறை அள்ளிக்கொண்டு போனது. பதற வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் ஏறும். போதாததற்கு, அமுக்க முடியாத இன்ஹேலரை வாங்குவதையே அவர் நிறுத்திவிட்டார். எங்கள் செலவு இன்னும் சரிந்தது. சிக்கனத்துக்கு இப்படி ஒத்துழைத்த இன்னொரு நோயாளியை நான் பார்த்ததில்லை.

நவம்பர் கடைசியில், மருந்துச் செலவைக் குறைத்ததற்கான 'சிறந்த முன்னேற்ற விருது' எங்களுக்கே வந்தது. மனநிறைவு பெற்ற நோயாளி ஒருவரோடு புகைப்படம் அனுப்பச் சொன்னார்கள். பதிவேட்டைப் புரட்டி மேவிஸை அழைத்தேன். டாக்டர் அறை வாசலிலிருந்து நாற்காலி பன்னிரண்டு அடி. அதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க," டாக்டர் பதறினார். "இவ்வளவு மோசமா இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

"இவரு மரியாதைக்குக் கேட்டாரு, நானும் மரியாதைக்குச் சொன்னேன்." மேவிஸ் கைகளை நீட்டிக் காட்டினார். "இந்த விரலை வெச்சுக்கிட்டு எதை அமுக்கறது? பழசையே குடுத்துடுங்க டாக்டர். பயமா இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் விருது மேசைமேல் இருந்தது.

"தாராளமா மாத்திடலாம்," என்றேன். "மார்ச்சுல வருஷக் கணக்கு முடியட்டும். இன்னும் நாலே மாசம். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

மேவிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி கண்ணு. நாலு மாசம் மூச்சு விடாம எப்படி இருக்கறதுன்னு முதல்ல நீ இருந்து காட்டு. பாத்துக் கத்துக்கறேன்."